ஜமுனாவின் கிலோமீட்டர்

ஜமுனாவுக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டிகளுக்கு மீட்டர் செய்கிற கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷம் சோதனை மேசையில் இருந்தாள். ஒருநாள் சூப்பர்வைசர் ஒரு தட்டு நிறைய மீட்டரைக் கொண்டுவந்து வைத்தார். அறுபதில் போனால் அறுபத்தாறு காட்டுகிற சரக்கு. பரவாயில்லை, முத்திரை குத்தி அனுப்பு என்றார். ஜமுனா முத்திரையை மேசையில் வைத்துவிட்டு அவர் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அன்று சாயங்காலமே கேட்டுக்கு வெளியே நின்றாள்.

அதற்கு முன்பே கல்யாணம் ஒன்று நடந்து முடிந்திருந்தது. சுண்ணாம்புக்குளத்தில் கொடுத்திருந்தார்கள். கட்டினவன் குடித்துவிட்டு வந்து முதல் தடவை அடித்தபோது பொறுத்துக்கொண்டாள். இரண்டாம் தடவை அவனுடைய முன்பல் ஒன்று அடுப்படியில் கிடந்தது. மூன்றாம் தடவைக்கு இருவருமே காத்திருக்கவில்லை.

இப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. பழவேற்காட்டுக்குள் நுழைகிற பொன்னேரி சாலையில், பஞ்சர் கடைக்கும் ஐஸ் கிடங்குக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை போட்டு வண்டிகளுக்கு மீட்டர் மாட்டிக்கொண்டிருந்தாள். மீன் வேன், ஷேர் ஆட்டோ, செத்துப்போன மீட்டரோடு பத்து வருஷம் ஓடின ஜீப் எல்லாம் அங்கேதான் வரும். சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கிவந்த மீட்டரை மாட்டுவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். மாட்டின பிறகுதான் வேலையே இருக்கிறது. கம்பெனியிலிருந்து வண்டியோடு வருகிற மீட்டர் அந்த வண்டிக்கென்றே பிறந்தது. வெளியில் வாங்கி மாட்டுகிற மீட்டருக்கோ தான் யார் வீட்டுக்கு வாழ வந்திருக்கிறோம் என்றே தெரியாது. சக்கரம் இத்தனை சுற்று சுற்றினால் இத்தனை தூரம் என்று யாராவது அதற்குச் சொல்லித்தர வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்துவிட்டுக் கச்சிதமாக ஒரு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் அழுத்தினால் அந்த ஒரு கிலோமீட்டரை அது மனதில் வைத்துக்கொள்ளும். பிறகு அது காட்டுகிற வேகமும் தூரமும் எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

ஆகவே அந்த ஒரு கிலோமீட்டர் சுத்தமாக இருக்க வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் சாலையோரக் கல்லை நம்பினார்கள். சாலையை அகலப்படுத்தியபோது அந்தக் கற்களைப் பிடுங்கி, கண்ட இடத்தில் நட்டுவிட்டுப் போனதை ஜமுனா தன் கண்ணால் பார்த்திருந்தாள். முப்பது மீட்டர் இரும்பு டேப்பை வாங்கிவந்து, இரண்டு நாள் விடியற்காலையில் ரோட்டில் குந்திக் குந்தி அளந்து, இந்த முனையில் ஒன்றும் அந்த முனையில் ஒன்றுமாக மஞ்சள் கோடு போட்டாள். ஹாரன் அடித்து அவசரப்படுத்திய லாரிக்காரர் மேல் கல்லையும் விட்டெறிந்தாள். ஆட்டோக்காரர்கள் அதை ஜமுனா கோடு என்று கிண்டல் செய்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களே, ஜமுனா கோட்டில் ஓட்டிக் காட்டாத மீட்டரை ஏற்க மாட்டோம் என்றார்கள். அவளுக்கு உலகத்தில் சொந்தம் என்று பெருமைப்பட இருந்தது அந்த ஒரு கிலோமீட்டர்தான்.

பிறந்த ஊர் ஈச்சமேடு. ஏரிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிற நாற்பது குடும்பம். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் தடவுவார்கள். வலை இல்லை, படகு இல்லை. விரல்தான் எல்லாம். தெற்கே புன்னைக்குப்பம் இருக்கிறது. அவர்கள் கடலிலும் ஏரியிலும் வலை போடுகிறவர்கள், ஆளும் அதிகம், குரலும் அதிகம். குப்பத்துப் படகுத்துறையில் இருக்கிற சிமெண்டுத் தூணிலிருந்து வடக்கே மூன்று கிலோமீட்டர் வரைக்கும் கரையோரத் தண்ணீர் குப்பத்துக்கு, அதற்கு அப்பால் ஈச்சமேட்டுக்கு என்று ரெண்டு ஊருக்கும் பழைய ஒப்பந்தம். எல்லையில் ஒரு சவுக்குக் கழி தண்ணீரில் நட்டிருந்தது. போன வருஷத்துப் புயல் அதைப் பிடுங்கிக்கொண்டு போனது.

கழி போனதும் ரெண்டு ஊருக்கும் கண் போனது நண்டோடை மேல்தான். ஏரியில் வந்து கலக்கிற சின்ன ஓடை அது. மழை விட்ட நாளில் இறால் அங்கே குவிந்து கிடக்கும். கழி ஓடைக்கு எந்தப் பக்கம் நின்றது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. எனவே அடித்துக்கொண்டார்கள். முதலில் பறிகளை மிதித்து நசுக்கினார்கள். பதிலுக்கு வலைகள் அறுபட்டன. பிறகு ஈச்சமேட்டில் ரெண்டு குடிசை எரிந்தது. பிறகு ஒரு காலையில், குப்பத்துக்குத் தலைவரான நாட்டார் லோகநாதனின் மகன் தீனா படகில் வந்து, ஓடை முகத்தில் குனிந்திருந்த உதயகுமாரைத் துடுப்பால் அடித்தான். உதயகுமார் ஜமுனாவின் தம்பி. முதல் அடி தோளில் விழுந்தது. விழாமலிருக்கப் படகின் விளிம்பைப் பிடித்தவனுடைய வலது கைமேல் அடுத்தது விழுந்தது. அதற்கடுத்ததும் அதே கைமேல்தான். மூன்றாவது அடிக்கு என்ன தேவை இருந்தது என்று தீனாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தபோது நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. உணர்ச்சியும் இல்லை. ஜமுனா ஊசியால் குத்திப் பார்த்தாள்.

"வலிக்குதாடா?"

"இல்லக்கா."

"இப்போ?"

"இல்ல. வுடுக்கா, ரத்தம் வருது பாரு."

அவள் வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரைக் கையால் குத்தினாள். தீனாவை மட்டும் அன்று எதிரில் பார்த்திருந்தால் ஸ்பானரால் மண்டையைப் பிளந்திருப்பாள். இறால் தடவுகிறவனுக்கு விரல் போவதும் தச்சனுக்குக் கை போவதும் ஒன்றுதான். இருபத்தாறு வயதில் உதயகுமார் கரையில் நின்று அடுத்தவர் பறியை வாங்கி வைக்கிற ஆளாகிவிட்டான்.

இதற்குமேல் விட்டால் கொலை விழும் என்று போலீஸ் ரெண்டு ஊரையும் கூப்பிட்டு உட்கார வைத்தது. மூன்று கிலோமீட்டரை அளந்துவிட்டால் தீர்ந்தது, ஆனால் எப்படி அளப்பது? சர்வேயர் ஏழு மாதமாக வருகிறார், வருகிறார். போனில் பார்த்தால் இவன் போன் ஒன்று சொல்கிறது, அவன் போன் வேறொன்று சொல்கிறது. கயிறு பிடித்துப் பார்த்தார்கள். கயிற்றை இழுத்துப் பிடித்தாய், தொய்வாக விட்டாய் என்று அங்கேயே ரெண்டு பேருக்கு மூக்கு உடைந்தது. கடைசியில் லோகநாதன் ஒரு வழி சொன்னார். அவருடைய ஜீப்பில் மீட்டர் செத்துக் கிடக்கிறது. புதிதாக ஒன்று மாட்டி, ஏரிக்கரையோடு ஓட்டலாம், மூன்று என்று காட்டுகிற இடத்தில் கழி நடலாம்.

"வண்டி எங்களுது. மீட்டர் மாட்டறது உங்க பொண்ணு. எங்கள நீங்க நம்பவாணாம், உங்கள நாங்க நம்பவாணாம். மீட்டர நம்புவோம்" என்றார்.

ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டது. மீட்டர் காட்டுவதே முடிவு, பின்னால் பேச்சு இல்லை.

வேலை ஜமுனாவிடம் வந்த அன்று ராத்திரி சாப்பாட்டின்போது உதயகுமார் இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"அக்கா, அதுல கொஞ்சம் கூட்டி வெக்க முடியுமா? மூணு காட்டறப்போ ரெண்டே முக்கால்தான் ஓடியிருக்கணும். ஓடை நமக்கு வந்துரும்."

ஜமுனா எழுந்து அவன் பிடரியில் அடித்தாள். தட்டு உருண்டது. அம்மா காசியம்மாள் குறுக்கே வந்து விழுந்தாள்.

"ஒடம்பு சரியில்லாத புள்ளய அடிக்கிறியேடி."

"என் கோட்டுமேல இன்னொரு தபா இப்டி பேசினான்னா இன்னொரு கையும் ஒடைப்பேன்" என்றாள் ஜமுனா. சொன்னபடி செய்யக்கூடியவள்தான்.

மறுநாள் ஜீப்பைத் தீனா ஓட்டிக்கொண்டு வந்தான். கூடவே வரவேண்டிய ஈச்சமேட்டுச் சாட்சியாக உதயகுமாரை அனுப்பியிருந்தார்கள். கையை உடைத்தவன் ஸ்டியரிங்கில், உடைந்தவன் பின் சீட்டில், நடுவே மடியில் மீட்டர் பெட்டியோடு ஜமுனா. சென்சாரைப் பொருத்தினாள், வயரை இழுத்தாள், பஞ்சர் கடையில் நாலு டயருக்கும் கம்பெனி சொல்கிற அளவுக்குக் காற்றடிக்கச் சொன்னாள். பிறகு தன் மஞ்சள் கோட்டில் முன் சக்கரத்தை நிறுத்தச் சொன்னாள்.

"கோட்டுக்கு மேல நிறுத்து. மேலன்னா மேல. ஒரு ஜாண் தாண்டிட்ட, பின்னால வா."

தீனா பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் வந்தான். பொத்தானை அழுத்தினாள். ஒரே சீராக முப்பதில் ஓட்டச் சொன்னாள். அந்த முனைக் கோட்டில் நிறுத்தி மறுபடியும் அழுத்தினாள். திரும்பி வந்து பார்த்தால் ஒன்று என்று காட்டியது. போதாது என்று ஐந்து தடவை போய் வந்தாள். ஐந்து தடவையும் ஒன்று, ஒன்று, ஒன்று. வேகத்தையும் கடிகாரம் வைத்துச் சரிபார்த்தாள். முப்பதில் சரியாக ரெண்டு நிமிஷம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் தீனாவையும் தம்பியையும் கூப்பிட்டு எண்ணைக் காட்டி ஆமாம் என்று சொல்லவைத்தாள்.

மூன்றாவது நடையில் உதயகுமார் பின்னாலிருந்து தீனாவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதை அவள் கவனித்தாள். அவனுடைய நல்ல கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. கையை நீட்டி அதைப் பிடுங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

அளக்கிற நாளில் ஏரிக்கரைக்கு அவளைக் கூப்பிடவில்லை. பொம்பளைக்கு அங்கே என்ன வேலை என்று ரெண்டு ஊர்ப் பெரியவர்களும் ஒரு வாயாகச் சொன்னார்கள். அதில் மட்டும் அவர்களுக்குள் சண்டை வரவில்லை. ஜமுனா கடையில் உட்கார்ந்து பழைய மீட்டர் ஒன்றைக் கோபத்தில் பிரித்துப் போட்டு, மறுபடி மாட்டத் தோன்றாமல் விட்டுவிட்டாள்.

மத்தியானம் செய்தி வந்தது. ஜீப் சிமெண்டுத் தூணிலிருந்து கிளம்பி, மணலோடு ஊர்ந்து, நண்டோடைக்கு எண்பது மீட்டர் முன்னாலேயே மூன்று காட்டிவிட்டது. இன்ஸ்பெக்டர் எதிரில் அங்கேயே கழியை நட்டார்கள். ஓடை ஈச்சமேட்டுக்கு. தீனா வண்டியிலிருந்து குதித்து, இது பொய், ஓடை எங்களுக்குள்ளே வரும், சின்ன வயசிலிருந்து இந்தக் கரையில் நடக்கிறேன் என்று கத்தினானாம். லோகநாதன்தான் அவனை அடக்கிக் கூட்டிப்போனாராம். ஈச்சமேட்டில் அன்று மேளம் அடித்தார்கள். உதயகுமார் அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட வந்தான். அவள் உதைத்துத் தள்ளினாள்.

"நான் எதுவும் பண்ணல. மீட்டர் பண்ணது."

மறுநாள் காலை பத்து மணிக்கு மூன்று பைக்கில் தீனாவும் இன்னும் நாலு பேரும் வந்து இறங்கினார்கள். கையில் இரும்புக் குழாய்.

"எவ்ளோ கூட்டி வெச்ச?"

"இன்னாது?"

"மீட்டர்ல எவ்ளோ கூட்டி வெச்சேன்னு கேக்கறேன், திருட்டு நாயி."

ஜமுனா ஸ்பானரை எடுப்பதற்குள் முதல் குழாய் கண்ணாடி அலமாரியில் இறங்கியது. மீட்டர்கள் சாலைவரை சிதறின. தீனா அவள் கையைப் பிடித்தான், அவள் அவன் புஜத்தைக் கடித்தாள். பல் சதையில் இறங்கியது, ரத்தம் உப்பாக வாயில் வந்தது, ஆனாலும் விடவில்லை. அவன் குழாயின் பின்புறத்தால் நெற்றியில் இடித்தான். கண்ணுக்கு மேலே தோல் கிழிந்து, ஒரு கண் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. கீழே விழுந்தவள் கைக்குக் கிடைத்த ஜாக்கியால் ஒருவன் முழங்காலைப் பார்த்து வீசினாள். எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் அலறிக்கொண்டு உட்கார்ந்தான். மற்றவர்கள் அவள் இடுப்பில் உதைத்தார்கள். தகரம் பிய்ந்து வந்தது. ஐஸ் கிடங்கு ஆட்கள் ஓடிவருவதற்குள் கொட்டகை பாதி சாய்ந்துவிட்டது.

அப்போது ஜீப் வந்து நின்றது. லோகநாதன் இறங்கினார். அவர் பின்னாலேயே, செய்தி கேட்டு ஈச்சமேட்டு ஆட்கள் இருபது பேர் ஷேர் ஆட்டோக்களில் வந்து குதித்தார்கள். உதயகுமார் இடது கையில் கத்தி வைத்திருந்தான். இன்னும் ஒரு வார்த்தை தப்பிப் போயிருந்தால் அந்தச் சாலையில் நாலு பிணம் விழுந்திருக்கும்.

லோகநாதன் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்கடா. ஜீப்பு இங்க கீது, மீட்டரு அதுல கீது, கோடு ரோட்டுல கீது. ஓட்டிப் பாத்துருவோம். கூட்டி வெச்சிருந்தா ஒண்ணுக்குமேல காட்டும். அப்போ இந்தப் பொண்ண உங்க எதிர்லயே நான் கேக்கறேன். ஒண்ணு காட்டிச்சுன்னா" என்று மகனைப் பார்த்தார், "அப்போ வேற."

"ஓட்டுங்க" என்றாள் ஜமுனா. முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டு, சாய்ந்த தகரத்தைப் பிடித்து எழுந்தாள். அவளுக்குப் பயமே இல்லை. தன் மீட்டரைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

தீனா ஜீப்பில் ஏறினான், பக்கத்தில் லோகநாதன். ஏறினவன் நேரே கோட்டுக்குப் போகவில்லை. பக்கத்துப் பஞ்சர் கடையில் நிறுத்தினான். கடைக்காரர் தானாகவே குழாயை இழுத்துவந்து காற்றடிக்க ஆரம்பித்தார். கம்ப்ரெசர் தடதடவென்று ஓடியது. சப்பையாக அமுங்கியிருந்த டயர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

ஜமுனா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது டயர் நிரம்பும்போது அவளுக்கு விஷயம் பிடிபட்டது.

அந்தக் கரையில் ஜீப் வைத்திருக்கிற எவனும் மணலில் இறங்கும் முன் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடுவான். இல்லாவிட்டால் சக்கரம் புதைந்துவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடித்துக்கொள்வான். வீட்டுக்குள் நுழையும்போது செருப்பை விடுவதுபோல, அது ஒரு வேலை என்றே யாருக்கும் தோன்றாது. செய்தவனுக்கே செய்தது நினைவிருக்காது. அளக்கிற அன்றும் தீனா இறக்கியிருப்பான். காற்றுப் போன டயர் அமுங்கி உட்கார்ந்துவிடும், ஒரு சுற்றில் போகிற தூரம் குறையும். மணலில் சக்கரம் வெட்டிக்குச் சுற்றுவது வேறு. மீட்டர் சுற்றைத்தான் எண்ணும், மண்ணை எண்ணாது. நிறைந்த டயரோடு தார் ரோட்டில் கற்றுக்கொண்ட மீட்டர், மூன்று கிலோமீட்டர் வருவதற்கு இருநூறு மீட்டருக்கும் மேல் பாக்கி இருக்கும்போதே மூன்று என்று சொல்லியிருக்கிறது. அப்படியானால் நண்டோடை குப்பத்துடையதுதான். இந்தப் பயல் சொல்வதுதான் உண்மை.

ஒன்பது வருஷம் மீட்டரோடு படுத்து எழுந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? டயரை அப்படியே விட்டு ஓட்டுங்கடா என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்க வேண்டாமா? அவளே தன் கன்னத்தில் அறைந்துகொண்டிருப்பாள், அத்தனை பேர் நிற்கவில்லை என்றால்.

ஜீப் கோட்டிலிருந்து கிளம்பிப் போனது. போனது திரும்பி வந்தது. லோகநாதன் இறங்கினார், இன்ஸ்பெக்டருக்குப் போனில் சொன்னார், பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"ஒண்ணுதான் காட்டுது. ரெண்டு தபா பாத்தாச்சு. பொண்ணு சுத்தம்."

ஈச்சமேட்டுக்காரர்கள் விசில் அடித்தார்கள். ஜமுனா வாயைத் திறந்தாள். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். காற்றை இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள் என்றால் போதும். சொன்னால் கழியைப் பிடுங்கி மறுபடி அளப்பார்கள், ஓடை போகும், நாற்பது வீட்டு அடுப்பும் போகும். எதிரே உதயகுமார் நின்றிருந்தான். கத்தி பிடித்த கைக்குப் பக்கத்தில் மற்றக் கை தொங்கிக்கொண்டிருந்தது, ரெண்டு விரல் குச்சிபோல் நீட்டிக்கொண்டு. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

லோகநாதன் அவளிடம் வந்து கையைக் கூப்பினார். ஊருக்கே நாட்டார், ஏரிக்கரையில் அவர் யாரையும் கும்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

"மன்னிச்சுக்கம்மா. கொட்டாய நான் கட்டித் தரேன்."

பிறகு தரையில் கிடந்த பழைய ஃபேன் பெல்ட் ஒன்றை எடுத்தார். தீனா ஓடவில்லை. முதல் அடி முதுகில் விழுந்தது.

"வாக்கு குடுத்துட்டு வந்தேனேடா. அத்தினி பேர் எதிர்ல கையெழுத்து போட்டேனே. பொம்பள கடைய ஒடச்சு என் மூஞ்சில கரி பூசறியா?"

"நைனா, ஓடை நம்பளுது. கண்ண கட்டிவுட்டாலும் சொல்லுவேன் நைனா."

"இன்னும் அதையே பேசற."

ரப்பர் விழுகிற இடமெல்லாம் சட்டை கிழிந்தது. அவன் மண்டி போட்டான், கையை மட்டும் தூக்கவில்லை, தகப்பனை எதிர்த்துத் தூக்கப் போவதுமில்லை. ஜமுனா எண்ணிக்கொண்டிருந்தாள். அதை மறைக்க ஒன்றுமில்லை, எண்ணினாள். நாலாவதில் அவளுக்கு இனிப்பாக இருந்தது. தம்பிக்கு மூன்று, இந்தா உனக்கு நாலு, ஐந்து. எட்டாவதில் அந்த இனிப்பு போய்விட்டது. பதினொன்றில் பெல்ட் அறுந்தது. லோகநாதன் அதை வீசிவிட்டு, திறந்த கையால் மகனின் இடது காதைச் சேர்த்து அறைந்தார். பையன் ஒருபக்கமாகச் சரிந்தான். காதிலிருந்து மெல்லிசாக ரத்தம் கோடு போட்டு இறங்கியது. நிறுத்துங்கள் என்று சொல்ல அந்த இடத்தில் ஜமுனா ஒருத்திக்குத்தான் வழி இருந்தது. அவள் தன் நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த மழைக்கு ஓடையில் இறால் கொட்டியது. ஈச்சமேட்டில் எரிந்த ரெண்டு குடிசைக்கும் கூரை ஏறியது. லோகநாதன் சொன்னபடி கொட்டகையைப் புதுத் தகரத்தில் கட்டிக்கொடுத்தார். நேர்மைக்காரி என்று ஜமுனாவைப் பற்றிச் சுற்றுவட்டாரமே பேசியது. தோணிரேவிலிருந்துகூட வண்டி வந்தது. யாராவது அப்படிப் புகழ்ந்தால் அவள் எரிந்து விழுந்தாள். ஒரு ஆட்டோக்காரரை அதற்காகவே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாள். அவருக்குக் கடைசிவரை காரணம் புரியவில்லை.

ரெண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் தீனா வந்தான். தனியாக, நடந்து. ஜமுனா வீல் ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டுதான் எழுந்தாள். அவன் வாசலுக்கு வெளியிலேயே நின்றான். இளைத்திருந்தான். கை ரெண்டும் காலியாக இருந்தது.

"அடிக்க வரலக்கா."

"பின்ன இன்னாத்துக்கு வந்த?"

"நேத்து காத்த எறக்கிட்டு உன் கோட்டுமேல ஓட்டினேன். ஒண்ணுக்குமேல நாப்பது மீட்டர் ஜாஸ்தி காட்டிச்சு. அப்றம் மணல்ல எறக்கி, பழைய கயித்த வெச்சு அளந்து ஓட்டினேன். அந்த ஜாஸ்தி இன்னும் டபுளா காட்டுது." அவள் முகத்தைப் பார்த்தான். "உனக்குத் தெரியும். அன்னிக்கு காத்தடிக்கறப்போ உன் மூஞ்சிய பாத்தேன். அப்போ புரியல எனக்கு."

ஜமுனா ஸ்பானரை இறுக்கிப் பிடித்தாள்.

"ஓடை வாணாம். நீங்களே வெச்சுக்கங்க. போலீஸாண்ட போவ மாட்டேன், ஊராண்ட சொல்ல மாட்டேன். உன் தம்பி கைய ஒடச்சது நான்தான், அதுக்கு இது சரியாப் போச்சுன்னு வெச்சுக்க. நைனா எங்கூட பேசறதில்லக்கா. ஒரே வூட்ல கீறோம். நான் சோத்துல குந்தினா அவரு ஏந்துக்கினு போறாரு. பொய் சொல்லி மானத்த வாங்கினவன்னு. அவராண்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லு. நான் சொன்னது நெசம்னு. அவரு ஒருத்தராண்ட போதும்."

அவன் கேட்டது சின்ன விஷயம். ஆனால் லோகநாதனை அவளுக்குத் தெரியும். காதில் போட்டுக்கொண்டு சும்மா இருக்கிற மனிதர் இல்லை அவர். காலையில் கேட்டால் சாயங்காலம் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்பார், கழி பிடுங்கப்படும், துடுப்புகள் மறுபடி ஏரியில் இறங்கும். இந்தமுறை விரலோடு போகாது. சொல்லாவிட்டால் இவன் ஒருத்தன் மட்டும். இப்படி ஒரு பக்கம் நாற்பது வீடும் ஒரு பக்கம் இவன் ஒருத்தனுமாக நிறுத்திப் பார்த்தால் எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது.

நிமிர்ந்து அவனைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, முணுமுணுப்பாகச் சொன்னாள்.

"மீட்டர் கரீட்டாதான் இருந்திச்சு. நீ போ."

தீனா இடது காதைத் தொட்டுக் காட்டி, ஒரு அடி முன்னால் வந்து, வலது காது அவள் பக்கம் வரும்படி தலையைத் திருப்பிக்கொண்டான்.

"இந்தப் பக்கம் சொல்லுக்கா. அது கேக்கறதில்ல, அன்னியிலேர்ந்து."

பஞ்சர் கடைக்காரர் வேலையை விட்டு நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு உரக்க, ஜமுனா அதையே இரண்டாம் தடவை சொன்னாள்.